மீனில்லாத தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர்

பிரியமுள்ள ஜீனத்துக்கு,

தொட்டியில் இப்போது மீன் இல்லை. உன்னிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ இருந்திருந்தால் சுவரில் ஏறி நீயே பார்த்திருப்பாய்.

தொப்பூர் கணவாயில் ஓட்டிவந்த லாரி கவிழ்ந்து அப்பாவின் வலது கால் போன பிறகு, அவர் எழுந்து நின்று செய்த ஒரே வேலை அந்தத் தொட்டி. கொல்லைச் சுவரோரம் சிமெண்டில் கட்டி, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டார். மீன் அழுக்கோடு வரும் தண்ணீரை ஒரு குழாய் வழியாக ஜல்லி நிரப்பிய பாத்திக்குத் திருப்பினார். பாத்தியில் தக்காளியும் சிறுகீரையும். செடிகளின் வேரில் தெளிந்து வடியும் தண்ணீர் ஒரு பானையில் சேரும்; அதை எடுத்து மறுபடி தொட்டியிலேயே ஊற்றுவோம். நம் கடத்தூரில் பாதிப் பேர் வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நீ ஒருத்திதான் சிரித்தாய்.

"ஏம்புள்ள கோகிலா, உங்கப்பா மீனுக்குக் கக்கூஸ் கட்டி அதுல கீர போட்டிருக்காரு. அத வேற எங்கூட்டுக்குக் குடுத்தனுப்பற நீ!"

அப்பா காதில் விழுந்துவிட்டது. "நேத்து கடைஞ்சு தின்னப்ப நல்லா இருந்துச்சா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்று ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். கால் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டுப் பாதாம் மரத்தின் கிளைகள் எங்கள் தொட்டிக்கு மேலே வந்து நின்றன. சித்திரை வெயிலில் மீன்கள் வெந்து போகாமல் இருந்தது அந்த நிழலால். அதே மரம்தான் உபத்திரவமும். சிவந்து பழுத்த இலை ஒன்று விழுந்து குழாய் வாயில் ஒட்டிக்கொண்டால் போதும், பாத்திக்குத் தண்ணீர் நின்றுவிடும். உன் அத்தா சந்தையில் குடை ரிப்பேர் செய்கிறவர் என்பதால் உனக்கு ஒரு வளைந்த குடைப்பிடி கிடைத்தது. சுவர்மேல் உட்கார்ந்து, நான் கொடுத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பிடியால் இலைகளை ஒவ்வொன்றாக இழுத்து எடுப்பாய். யாரும் சொல்லி நீ அதைச் செய்யவில்லை.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன கோடையில் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டிக்கு ஊற்றுவதற்காக விவசாயக் கிணற்றிலிருந்து நான் சுமந்து வைத்திருந்த குடங்களைத்தான் அம்மா சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். மரத்தடியில் சேலைகளைக் கட்டி மறைத்து, இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் உன்னைக் குளிப்பாட்டினார்கள். பிறகு ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. உங்கள் வீட்டிலும் பெண்கள் யாரும் கூடப் போகவில்லை. நீ கிடக்கும் இடத்தை நானும் பார்த்ததில்லை, உன் அம்மாவும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வெயில் என்றார் அப்பா. பிறகு விரிசல் என்று சிமெண்டுப் பால் பூசினார். அப்போதும் நிற்கவில்லை. ஒருநாள் பாத்தியின் ஜல்லியை வாரினோம். அடியில் செம்பட்டை மயிர்போல வேர். பிடித்துக்கொண்டே போனால் சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போகிறது. தொட்டியின் அடித்தளத்தையும் ஒரு வேர் பிளந்திருந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடந்த அந்த வருஷத்தில் உங்கள் மரம் பச்சையாக நின்றது எப்படி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்பா ஊன்றுகோலோடு உங்கள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் உன் அத்தா யோசிக்கவே இல்லை.

"அதுக்கென்னங்க டிரைவரே, வெட்டிப்புடலாம். உங்க வாயில மண்ணப் போட்டுட்டு எனக்கு மரம் எதுக்குங்க?"

உள்ளேயிருந்து உன் அம்மா கதவோரம் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "அவளுக்கு ஊத்துன தண்ணியெல்லாம் அங்கதாங்க எறங்குச்சு. நான் போயி ஒக்கார வேற எடமில்லீங்க" என்றாள்.

அப்பா "வெட்ட வேணாங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நம் பக்கம் வந்த வேரையாவது அறுத்துவிடலாமே என்று அம்மா கேட்டதற்கு, "ஏண்டி, நம்ம பக்கம் வந்துட்டா அது வேற மரமா?" என்று எரிந்து விழுந்தார்.

நான் சுமக்கும் தண்ணீர் போதவில்லை. இருந்த கொஞ்சத் தண்ணீரிலும் இலைகள் விழுந்து அழுகி, காப்பிக் கஷாயம்போல ஆயிற்று. எடுக்க எடுக்க விழுந்தன. உன் குடைப்பிடி உன் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு விடிகாலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறும்போது ஒன்றும் அசையவில்லை. அப்பா எல்லாவற்றையும் வாரிப் பாத்தியிலேயே புதைத்தார். அன்றிலிருந்து கொல்லை வாசல் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். லாரிச் சத்தம் கேட்டால்கூடத் திரும்புவதில்லை. அவரை மறுபடி எழுப்ப என்ன இருக்கிறது, சொல்?

நான் படித்த கதைகளில் மரத்தைக் காப்பாற்றிவிட்டால் கதை முடிந்துவிடும். இங்கே முடியவில்லை, ஜீனத். தொட்டி காய்ந்து ஒரு மாதம் போயிருக்கும், மரத்தின் எங்கள் பக்கத்துக் கிளைகள் மொட்டையாகத் தொடங்கின. இலைகள் சிவந்து பழுக்கவில்லை. பச்சையிலேயே சுருண்டு உதிர்ந்தன. எங்கள் மீன் தண்ணீரைக் குடித்துத்தான் அது உயிரோடு இருந்திருக்கிறது. அதற்காக நாங்கள் தொட்டியை விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுத்ததே அதைக் கொல்கிறது. உன் அம்மா உட்காரும் பக்கம் இன்னும் கொஞ்சம் நிழல் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் காய்ந்த கிளை தெரியாது. எத்தனை நாளைக்குத் தெரியாமல் இருக்கும்?

இப்போது தினம் கிணற்றிலிருந்து ஒரு குடம் கூடுதலாகக் கொண்டுவருகிறேன். வெறும் தொட்டியில் ஊற்றுகிறேன். விரிசல் வழியாக அது உடனே இறங்கிவிடுகிறது.

"மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குடி தண்ணி ஊத்தற? கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று அப்பா கட்டிலிலிருந்து கேட்டார். நான் மேலே கிளையைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். மறுநாள் குடத்தோடு வந்தபோது, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். பாத்தியின் ஜல்லியை இரண்டு கையாலும் விலக்கி, வேரின்மேல் தண்ணீர் நேராக விழுகிற மாதிரி வழி பண்ணிக்கொண்டிருந்தார். "இங்க ஊத்து. மெதுவா" என்றார். மீன்களைப் புதைத்த இடமும் அதுதான்.

மரம் பிழைக்கும் என்று உன்னிடம் சொல்ல என்னால் முடியாது. கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. கயிற்றில் இன்னொரு முழம் முடிச்சுப்போட்டுச் சேர்த்திருக்கிறோம். ஆனால் கிணற்றில் வாளி நனைகிற வரைக்கும் ஒரு குடம் அந்த வேருக்குப் போகும். காய்ந்த கிளையைப் பற்றி உன் அம்மாவிடம் நான் வாய் திறக்க மாட்டேன். அவளே ஒருநாள் அண்ணாந்து பார்த்துவிட்டால், சுவரைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் உட்காருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சுவருக்கு இந்தப் பக்கத்து மகள்,
கோகிலா