சுண்ணாம்பு அடிக்காத வருஷம்

தாராதா,
18 ஆகஸ்ட் 1996

அன்பு மகள் எலோய்சாவுக்கு,

உன் ஜூலைக் கடிதமும் கம்பளிக் கையுறைகளும் வந்து சேர்ந்தன. கையுறைகள் நல்ல தரம். கடிதத்தில்தான் நிறைய அடித்துத் திருத்தியிருக்கிறாய். நான் படித்த கன்னியர் மடத்தில் இதற்கு முட்டி போட வைப்பார்கள்.

டிசம்பரில் கொச்சபம்பாவில் மருத்துவர்கள் கூடி உனக்குப் பதக்கம் தரப்போவதைப் பத்திரிகையில் பார்த்தேன். பெற்றவளாக மகிழ்ந்தேன். ஆனால் தலைப்பு என்ன தெரியுமா? 'வின்சுக்கா டாக்டர் தாயகம் வருகிறார்.' உன் படத்தைவிட அந்தப் பூச்சியின் படம் பெரிது. அது கூரையிலிருந்து இறங்கி, தூங்குகிறவர்களைக் கடிப்பதையும், அது விட்டுப்போகும் கிருமி முப்பது வருஷம் ரத்தத்தில் பதுங்கியிருந்து இதயத்தைக் கெடுப்பதையும் விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள்.

ஜெபமாலைக்குப் போன இடத்தில் ரொசெந்தா அம்மாள் கேட்டாள்: "என்ன எர்மினியா, உன் பொண்ணு இன்னும் மண்குடிசையில பூச்சிதான் பிடிச்சிட்டிருக்காளா? பாவம், அவ்வளவு படிச்சு!"

"உன் மாப்பிள்ளை சீட்டுக்கட்டு பிடிக்கிறதுக்கு, என் பொண்ணு பூச்சி பிடிக்கிறது மேல்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருந்தாலும் உறுத்துகிறது. இதய மருத்துவர் என்று போடச் சொல்லியிருக்கலாமே?

உன் தங்கை நியேவெஸுக்கு நான்காம் மாதம். முப்பத்தாறு வயதில் முதல் பிள்ளை; சோளக் கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை. ஜனவரியில் பேறு.

ஒன்று சொல்கிறேன், கேள். மேடையில் பேசும்போது நம் ஊரையும் வீட்டையும் இழுக்காதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா

*

ஆர்லிங்டன், வர்ஜீனியா,
9 செப்டம்பர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு எழுதுகிறேன். நியேவெஸை வெயிலில் நடக்க விடாதீர்கள்.

இங்கே என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நம் பள்ளத்தாக்குக்காரர்கள்தான். போன மாதம் அர்பியெத்தோ ஊர்க்காரர் ஒருவர் வந்தார். கூரை வேய்கிற வேலை; ஏணியில் மயங்கி விழுந்திருக்கிறார். எக்ஸ்ரே படத்தில் இதயம் பப்பாளிப் பழம்போல வீங்கிக் கிடந்தது. வின்சுக்கா கடித்ததுண்டா என்று கேட்டேன். "கடிக்காமலா டாக்டரம்மா? சின்ன வயசுல அதை ஓடவிட்டுப் பந்தயம் வைப்போமே! எங்க வீட்டுப் பூச்சிதான் எப்பவும் ஜெயிக்கும்" என்று சிரித்தார். மூன்றாம் வாரம் அவரை அடக்கம் செய்தோம்.

அம்மா, அடுத்ததை உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் சோதனையில் கிருமியுள்ள ரத்தம் மஞ்சளாகும். சுத்தமான ரத்தம் நிறம் மாறாது. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். ஜனவரியில் அது தீர்ந்துபோனது. நான் என் கையை நீட்டினேன். அதன்பின் ஒரு சோதனையும் சரியாக வரவில்லை. சுத்தமான கிண்ணமும் மஞ்சளாயிற்று. கிண்ணத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று உடன் வேலை செய்கிறவர்களைத் திட்டினேன். மருந்து கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். எல்லாவற்றையும் சந்தேகித்தேன், என் ரத்தத்தைத் தவிர. இருபது வருஷமாக இந்த நோயைத் தேடுகிறவள், அது எனக்கு இருக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் உங்கள் மகள்தான்.

பயப்படாதீர்கள். துடிப்பில் சிறு கோளாறு, அவ்வளவுதான். வீட்டில் பூச்சி கடித்து வந்ததா, உங்கள் வயிற்றிலேயே வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நீங்களும் நியேவெஸும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். டிசம்பரில் மேடையிலேயே, எனக்கும் இருக்கிறது, தாராதாவில் என் தாய்வீட்டில் வந்தது என்று சொல்ல நினைக்கிறேன். வெட்கத்தில் ஒளிந்திருக்கிறவர்கள் அப்போதுதான் வெளியே வருவார்கள். வீடு உங்களுடையது. நீங்கள் சம்மதித்தால் மட்டும் பேசுவேன்.

என்றும் அன்புடன்,
எலோய்சா

*

தாராதா,
2 அக்டோபர் 1996

எலோய்சா,

கடிதம் கிடைத்தது.

நம் வீடு ஓட்டு வீடு. சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு. கட்டிலுக்கு மேலே கூரை தெரியாதபடி கித்தான் இழுத்துக் கட்டி, அதற்கும் சுண்ணாம்பு அடித்த விதானம். மண்குடிசையில் வாழ்கிறவர்களுக்கு வருவது நம் வீட்டுக்குள் எப்படி வரும்? அந்நிய தேசத்தில் யார் யாரையோ தொட்டு மருத்துவம் பார்த்ததில் உனக்கு ஒட்டிக்கொண்டதை, என் வயிற்றின்மேல் போடுகிறாய்.

உன் தகப்பனார் சான் செவெரினோ திருவிழாவில் புனிதரின் பல்லக்கைத் தோளில் சுமந்தபடியே இறந்தார். நிலச் சீர்திருத்தத்தில் நம் நிலங்கள் பறிபோன துக்கம் அவர் நெஞ்சை உடைத்தது. ஊருக்கே தெரிந்த உண்மை அது. அவரைப் பூச்சி கடித்துச் செத்தவராக்க உனக்கு உரிமை இல்லை.

சம்மதம் கிடையாது. நியேவெஸை மிரட்டி எழுதாதே.

எர்மினியா உர்கிடி,
சம்பிரானாவின் விதவை

*

ஆர்லிங்டன்,
21 அக்டோபர் 1996

அன்புள்ள அம்மாவுக்கு,

மேடையில் பேசமாட்டேன். அந்தப் பேச்சை இத்தோடு விட்டேன்.

நியேவெஸுக்கு மிரட்டாமல்தான் எழுதினேன். "அம்மா போகச் சொன்னா போறேன்க்கா, இல்லாட்டி எப்படி?" என்று பதில் போட்டிருக்கிறாள். ஆகவே மறுபடி உங்களிடமே வருகிறேன். எனக்கும் உங்களுக்கும் இனி மருந்து பெரிதாக உதவாது. ஆனால் தாயிடமிருந்து தொற்றிய பிள்ளையைப் பிறந்த உடனே கண்டுபிடித்தால், அநேகமாக முழுக்கக் குணமாக்கிவிடலாம். அதற்குத் தாய்க்கு இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். விட்டால் அந்தப் பிள்ளையும் நாற்பது வயதில் ஏதாவது ஒரு பல்லக்கின் அடியில் விழும்.

சிறுவயதில் படுத்துக்கொண்டு அந்த விதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரங்களில் கறுப்பாகக் கோடு கோடாக வழிந்திருக்கும். அதில் ஆடு, குதிரை எல்லாம் தேடுவேன். நவம்பர் வந்தால் திருவிழாவுக்கென்று நீங்கள் சுண்ணாம்பு அடிப்பீர்கள். ஆடும் குதிரையும் போய்விடும். அடுத்த வருஷம் திரும்ப வரும். அது தூசி இல்லை, அம்மா. பூச்சியின் எச்சம். ஆயிரம் வீடுகளில் அதைப் பார்த்துக் குறித்தவள் நான். நம் வீட்டை நினைத்துப் பார்க்கவே இல்லை.

எலோய்சா

*

தாராதா,
29 நவம்பர் 1996

அன்பு மகள் எலோய்சாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. வரிசையாகச் சொல்கிறேன்.

திருவிழாவுக்கு முன் வேலைக்காரி சாத்துர்னினா வழக்கம்போலச் சுண்ணாம்பு வாளியோடு வந்தாள். வேண்டாம் என்றேன். தையல் கத்தரியை எடுத்து, உன் பழைய அறைக் கட்டிலின் மேல் ஏறி நின்று விதானத்தைக் கிழித்தேன். "அம்மா, இறங்குங்க! திருவிழாவுக்கு நாலு பேர் வர்ற வீடு, அலங்கோலமா கிடக்குமே!" என்று கத்தினாள். "கிடக்கட்டும். வர்றவங்க அண்ணாந்து பார்க்கட்டும்" என்றேன். கித்தானுக்கு மேலே என்ன இருந்தது என்று உனக்கு எழுதத் தேவையில்லை. உன் ஆட்டையும் குதிரையையும் போட்டுக் கொளுத்தினேன்.

மறுநாள் கறுப்புத் தொப்பியும் நீ அனுப்பிய கையுறைகளும் அணிந்து, நியேவெஸைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். வரிசை தெரு வரை நின்றது. முன்னால் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ரொசெந்தா நின்று பார்த்தாள்.

"எர்மினியா! நீயா இந்த வரிசையில?"

"நான்தான். எனக்குப் பின்னாடி இடம் இருக்கு. கூடையைக் கீழ வச்சிட்டு நில்லு."

கூடையைக் கீழே வைத்தாள். எனக்குப் பின்னால் நின்றாள்.

நியேவெஸுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் ரத்தம் எடுப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தைத் திருச்சிலுவையின் கீழ் வைத்திருக்கிறேன். நீ ஜனவரி வரை இங்கேயே தங்க வேண்டும். இது வேண்டுகோள் அல்ல.

இரண்டு வருஷமாகக் கோயில் படியில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. வயது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மருத்துவர் என் நெஞ்சில் வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு மிகக் கனிவாகப் பேசினார். இளைஞர்கள் கனிவாகப் பேசினால் செய்தி நல்லதல்ல. கொச்சபம்பா வரை பயணம் கூடாதாம். நீ பதக்கம் வாங்கும்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

உன் தகப்பனாரைத் துக்கம் கொன்றது என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். துக்கம் கௌரவமான காரணமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்லக்கு நம் வாசலைக் கடந்தபோது, சுமந்து வந்த ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாரும் வாலிபர்கள். எவனுக்கு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கே தெரியாதே.

ஆகவே பேசு. நிமிர்ந்து நின்று, அவசரப்படாமல் பேசு. வீட்டைச் சொல், ஊரைச் சொல், விதானத்தையும் சுண்ணாம்பையும் சொல். ஆனால் கௌரவம் பார்த்து, 'தாராதாவில் ஒரு மூதாட்டி' என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்குப் பெயர் உண்டு. முழுதாகச் சொல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

உன் அம்மா,
எர்மினியா உர்கிடி,
சம்பிரானாவின் விதவை