உன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

உன் கைப்பேசி இன்று விடியுமுன் மறுபடி அதிர்ந்தது. ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்ப நீ வைத்த அலாரம். சிம்பாங் ரெங்கம் வீட்டில் அது அடிக்கும்போதெல்லாம் உன் அப்பா எழுந்து வாசல் விளக்கைப் போட்டுவிடுகிறாராம். அதனால் உன் அக்கா அதை என்னிடம் தந்துவிட்டார். "நீயே வச்சிக்கோ தம்பி. அணைக்கவும் மனசு வரல, கேக்கவும் முடியல."

எனக்கும் அணைக்க மனசு வரவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து கணினியைத் திறந்தேன். நாம் எழுதிய நிரலின், நம் ஜெம்மின், இணையப் பக்கத்தில் யாரோ கேட்டிருந்தார்: "புது ரூபியில் ஓடவில்லை. இந்த ப்ராஜெக்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா?"

என்ன பதில் போடுவது, சொல்லு.

இதை ஆரம்பித்தது உன் எரிச்சல். ஃபேக்டரியில் உனக்குக் கொடுத்த அட்டையில் உன் பெயர் இல்லை, உன் அப்பாவின் பெயர் இருந்தது. நம் ஊரில் பெயர், அப்புறம் 'இன்னாரின் மகன்' என்று ஏ/எல், அப்புறம் அப்பா பெயர். அந்தக் கணினி கடைசியில் இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. "சிங்கப்பூர்ல வேலை செய்றது எங்கப்பாடா. நான் சும்மா பைக் ஓட்டிட்டுப் போய்ட்டு வரேன்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். பிறகு நாம் இருவரும் ரூபி நிரல்மொழியில் ஒரு சின்ன ஜெம், யாரும் இறக்கிப் பயன்படுத்தும் பொதி, எழுதினோம். நம்மவர் பெயரைக் கொடுத்தால் சரியாகப் பிரித்துத் தரும், அவ்வளவுதான். அதைச் சோதிக்க எழுதிய முதல் டெஸ்டில் இருப்பது உன் பெயர்.

எழுதியவன் வெளியிடக் கூடாது என்பது உன் சட்டம். மற்றவன் அதை நம் கோப்பு எதுவும் இல்லாத கணினியில் இறக்கி, ஓட்டிப் பார்த்து, அவன்தான் வெளியிட வேண்டும். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. மூவாரில் மீ பண்டோங் கடையில் வைத்து நான் சண்டை போட்டேன். நீ பேசாமல் உன் பழைய மடிக்கணினியில் என் பொதியை இறக்கினாய். முதல் வரியிலேயே செத்தது. புதுக் கோப்பு ஒன்றை நான் கிட்டில், நம் கோப்புகளுக்குக் கணக்கு வைக்கும் மென்பொருளில், சேர்க்கவே இல்லை. கிட்டுக்குத் தெரியாத கோப்பு பொதிக்குள் போகாது.

"என் மெஷின்ல ஓடுதுடா!"

"அப்ப உன் மெஷினையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி அனுப்பு லா."

சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய். அடிக்க வேண்டும் போல இருந்தது.

பாலத்துக்குப் போகும் சாலையில் லாரி உன்னை அடித்த அன்று நானும் மருத்துவமனைக்குப் போனேன். சவக்கிடங்கில் உன் காலில் ஒரு சீட்டு கட்டியிருந்தார்கள். எந்தக் கணினி அச்சடித்ததோ, அதில் உன் அப்பாவின் பெயர் இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "என் பேருதான் போட்டிருக்கு. நானே போயிருக்கக் கூடாதா?" என்றார். நாம் எழுதியதை அவர்கள் பயன்படுத்தியிருந்தால் என்று யோசித்தேன். யோசித்து என்ன பயன்.

புது ரூபிக்காக பில்ட்டைச் சரிசெய்துவிட்டேன். டெஸ்ட் எல்லாம் தேறி, பச்சை. வெளியிடுவதற்கான ரகசிய எண் உன் கைப்பேசியில்தான் வரும், அது என் மேசையில் கிடந்தது. நானே எழுதி நானே வெளியிட்டுவிடலாம். தடுக்க நீ இல்லை. விரல் அதற்குப் போகவில்லை.

மத்தியானம் அக்காவைப் பார்க்க உங்கள் வீட்டுக்குப் போனேன். அவர் மடிக்கணினியில் நம் கோப்பு எதுவும் கிடையாது. பொதியை இறக்கிக் கொடுத்து, "ஒரு பேர் அடிங்கக்கா" என்றேன். அவர் மெதுவாக அடித்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இவன் பேரே மெண்டியாங்னு வருதே?"

எட்டிப் பார்த்தேன். உன் பெயருக்கு முன்னால் 'மெண்டியாங்' என்று சேர்த்து அடித்திருந்தார். இறந்துபோன நம்மவர் பெயருக்கு முன்னால் மலாய் மொழியில் போடும் சொல். அதையே நம் நிரல் உன் பெயராக எடுத்துக்கொண்டது.

"ஏங்க்கா அப்படி அடிச்சீங்க?"

"எல்லா பாரத்துலயும் இப்ப அப்படித்தானே எழுதச் சொல்றாங்க" என்றார். முன்னறையில் உட்கார்ந்திருந்த உன் அப்பா எங்கள் பக்கம் திரும்பவில்லை.

இத்தனை பெயர்களுக்கு டெஸ்ட் எழுதினோம். செத்தவனுக்கு எழுதவில்லை. நமக்குத் தோன்றவே இல்லைடா.

கேள்வி கேட்டவருக்கு "உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று பதில் போட்டுவிட்டேன். உன் சட்டப்படி இதை வெளியிடப் போவது அக்கா. உன் கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, எண் வந்ததும் அடிக்கச் சொல்லித் தந்திருக்கிறேன். காத்திருக்கிறார்.

உன் டெஸ்டுக்குக் கீழே அதே வரியை மறுபடி எழுதி, முன்னால் அந்தச் சொல்லைச் சேர்த்திருக்கிறேன். ஓட்டினேன். சிவப்பு. சரிசெய்வது பெரிய வேலையில்லை, ஒரே வரி. நீ இறந்துவிட்டாய் என்று நிரலுக்குச் சொல்லித் தர வேண்டும். சாயங்காலமாகிவிட்டது. இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.