தொய்ந்த கம்பி

மார்ச் 4, செவ்வாய்

கம்பி மறுபடியும் தொய்ந்துவிட்டது. ஆறியிருக்கும்போது கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக நிற்கிறது. கரண்ட் விட்டுச் சூடேறியதும் நீண்டு தளர்ந்து, தெர்மாகோலுக்குள் தன் இஷ்டத்துக்குப் போகிறது. நேற்று வெட்டிய 'அ' காய்ச்சலில் படுத்த மாதிரி இருக்கிறது.

ஆறு வாரமாக இந்தத் தெர்மாகோல் கட்டரோடு மல்லுக்கட்டுகிறேன். வில் மாதிரி ஒரு மரச்சட்டம், அதன் இரண்டு கைகளுக்கும் நடுவே பழைய ஹீட்டரில் பிரித்தெடுத்த கம்பி, பட்டறையில் கழித்துப்போட்ட பேட்டரி சார்ஜர். பகலெல்லாம் பம்ப் மோட்டார் பிரித்து மாட்டும் பிழைப்பு. மோட்டார் ஓடினால் ஓடுகிறது என்பார்கள், யார் பார்த்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரு தடவையாவது, 'அட, யார் செஞ்சது?' என்று நாலு பேர் நின்று கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட வேண்டும்.

"என்னங்க, உங்க வில்லுக்கு இன்னும் அம்பு வரலையா?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்கிறாள் வீட்டுக்காரி. வாய்க்கொழுப்பு.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்பிரிங்!

கம்பியின் ஒரு முனையில் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான் விஷயம். கம்பி சூட்டில் நீள நீள அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க, இரண்டு காது வைத்த ஒரு நட். என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். வேறு யார் தட்டப்போகிறார்கள்?

மார்ச் 10, திங்கள்

நேர்க்கோடு வருகிறது. வளைவு வரவில்லை. வரும்.

மார்ச் 15, சனி

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றாள். சரி, ஆசைப்படுகிறாள் என்று விட்டேன்.

பென்சில் கோடுகூடப் போடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாள், தெர்மாகோல் கட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள், கம்பிக்குள் தள்ளினாள். ஒரே ஓட்டம். வெளியே வந்தபோது கையில் ஒரு பறவை. கழுத்து, முதுகு, வால் எல்லாம் வழுவழு என்று.

"துணி வெட்டுற மாதிரிதாங்க. நடுவுல கைய நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அந்த இடம் உருகிக் குழி விழுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! ஆறு வாரம் நான் கிடந்து செத்தது அவளுக்கு அவ்வளவுதான்.

நல்லா இருக்கு என்றேன். சொல்லாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்பதால் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

பறவையை பால்கனியில் தொங்கவிட்டிருந்தாள். கீழே செருப்புக் கடை வைத்திருப்பவர் அண்ணாந்து பார்த்துவிட்டு மாடியேறி வந்துவிட்டார்.

"யார் செஞ்சது?"

நான் காத்திருந்த அதே கேள்வி. "கட்டர் நான் செஞ்சது" என்றேன்.

"கட்டர் கெடக்கட்டும் சார். பறவை?"

ஒன்றாம் தேதி புது ஷோகேஸ் திறக்கிறாராம். அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு ஷூ வேண்டுமாம். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அங்கே கதவு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

பொறாமை. எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் மேல் என்றாலாவது வெளியே சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். கட்டிய மனைவி மேல் வயிறெரிகிறவன் யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 20, வியாழன்

நட்டின் ஒரு காதில் சிவப்பு நகப்பூச்சு. அதை ஒட்டி மரச்சட்டத்திலும் ஒரு பொட்டு. பூசிய நகம் காய்வதற்குள் என் கட்டரில் கை வைத்திருக்கிறாள். ஒரு பொருளை மதிக்கத் தெரிய வேண்டாமா?

மார்ச் 22, சனி

தங்கை வந்திருந்தாள். மாதிரிக்காக வெட்டிய சின்ன ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி கையில என்னமோ இருக்கு!"

"என் கையில?"

"உன் கையில ஸ்க்ரூடிரைவர் இருக்குண்ணே."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

நூல் வாங்க வெளியே போயிருந்தாள். நட்டை இரண்டரைச் சுற்று தளர்த்திவிட்டேன்.

ஏன்டா செஞ்ச? — தெரியல. செஞ்சுட்டேன்.

மார்ச் 24, திங்கள்

பட்டறையிலிருந்து வந்தபோது வெட்டிக்கொண்டிருந்தாள். அலை அலையாக வந்தது. இரண்டு பெரிய கட்டிகள் வீண். கட்டரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கை வரலீங்க."

"ரெஸ்ட் எடு" என்றேன்.

மனசு குளிர்ந்தது. வெட்கமில்லாமல் குளிர்ந்தது.

மார்ச் 26, புதன்

அவள் கட்டரைத் தொடவில்லை. தையல் மெஷினும் ஓடவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அம்பு வந்ததா என்று கேட்கக்கூட ஆளில்லை.

மார்ச் 27, வியாழன்

"ஷூ முடியாதுன்னு கடைக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். கீழே போய்ச் சொன்னேன்.

"அப்ப நீங்க செஞ்சு குடுங்க சார். மெஷினே உங்களுதுதானே?"

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். நாளைக்குப் பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. சனிக்கிழமை லீவு போட்டுவிட வேண்டியதுதான்.

மார்ச் 29, சனி

காலையிலிருந்து மூன்று கட்டிகளை நாசம் பண்ணினேன். முதலில் வந்ததைச் செருப்புக் கடையில் வைத்தால் படகுச் சவாரிக்கு டிக்கெட் கேட்பார்கள். மற்ற இரண்டும் அதற்கும் கீழே. கம்பியில் குற்றமில்லை. தொடங்குமுன் நட்டைப் பழையபடி இறுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்த இறுக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டரைச் சுற்று முடிந்த இடத்தில், நட்டின் காதிலிருந்த சிவப்பும் மரத்திலிருந்த சிவப்பும் நேருக்கு நேராக வந்து நின்றன. பார்த்தும் பார்க்காததுபோல வெட்டத் தொடங்கினேன். மூன்றாவது கட்டிக்கு மேல் முடியவில்லை.

சிந்தியது இல்லை அது. அடையாளம். சரியான இறுக்கம் எது என்று தெரிய அவள் வைத்த அடையாளம். ஒரு பொருளை எப்படி மதிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் — சே.

அப்படியானால் திங்கட்கிழமையே அவளுக்குத் தெரியும்.

சமையலறை வாசலில் போய் நின்றேன். "அந்த நட்ட நான்தான் தளர்த்தினேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் கை வரலன்னு சொன்ன?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெஸ்ட் எடுன்னீங்க."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். தையல் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

விடிந்ததும் எழுந்து கட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பலகை பலகையாக வெட்டி ஒட்டுகிறாள். நான் தூக்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஷோகேஸில் ஷூ நிற்கிறது. லேஸ் போடும் துளையைக்கூட மறக்கவில்லை அவள். பட்டறைக்குப் போகிற வழியில் நாலு பேர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"யாருங்க செஞ்சது?" என்று ஒருவர் பொதுவாகக் கேட்டார்.

"என் மனைவி" என்றேன்.

வயிறு எரியவில்லை என்று பொய் எழுத மாட்டேன். எரிந்தது. கட்டர் யார் செய்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்பி அறுந்துபோனது. புதுக் கம்பி மாட்டி, ஸ்பிரிங்கை இழுத்து, நட்டை முறுக்கினேன். அவள் விரலால் சுண்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் என்றாள். முறுக்கினேன். போதும் என்றாள். உள்ளே போய் நகப்பூச்சு பாட்டிலோடு வந்தாள்.

"புள்ளிய நீங்களே வைங்க."

காதில் ஒன்று, மரத்தில் ஒன்று, நேருக்கு நேர் வைத்தேன். ஊதிக் காயவைத்தேன். அவள் வெட்ட உட்கார்ந்தாள்.

அரை மணி நேரத்தில் நாலு தடவை அந்தப் புள்ளியை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பார்க்கட்டும்.