மூன்றாவது பகுதி

மேலிஸ்,

பேக்கரி வேலைக்குக் கிளம்பிட்டேன்டி. தத்துவப் பரீட்சை நாலு மணி நேரம், நடுவுல பசிக்கும். கமம்பேர் சீஸ் வச்ச ரொட்டி மேசைமேல இருக்கு. அடையாள அட்டையை மறந்துடாதே.

மூணு நாளா நீ ஃபோனைத் தேடினப்போ "எனக்கென்ன தெரியும்"னு சொன்னேன்ல, அது பொய். நீ படிக்கணும்னு நான்தான் மாவு டப்பாவுல ஒளிச்சு வச்சேன். எடுத்துக்கோ.

உன் நோட்டுல பரீட்சைக்காக எழுதிப் பழகின மூணு பகுதிக் கட்டுரையைப் பார்த்தேன். 'நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா?' முதல் பகுதியில சொல்லலாம்னும், ரெண்டாவதுல கூடாதுன்னும் எழுதிட்டு, மூணாவதைக் காலியா விட்டிருக்கே. நானே எழுதிட்டேன்: 'சொல்லலாம், ஆனா அப்புறம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்.'

மன்னிச்சுக்கோடி.

அம்மா

பி.கு.: அப்பாகிட்ட சொல்லிடாதே. உன் ஃபோனைத் தான்தான் எங்கேயோ தொலைச்சுட்டோம்னு நம்பி, மூணு நாளா அவரே பாத்திரம் தேய்க்கிறார்.