கன்னத்தில் மிச்சமிருக்கும் மங்கு

சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுவாய், உடனே நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானப்படுத்த உட்கார்ந்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா குளியலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று திருகித் திருகி இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, ஆள் கூப்பிடலாம் என்றால் ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது.

உன் ஆன்லைன் கடையில் விற்கிறாயே, அதிலிருந்து நீ அனுப்பிய சீசாவைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கசப்பு பாதாமிலிருந்து வந்த மாண்டலிக் ஆசிட், மற்ற அமிலங்களைப் போலச் சட்டென்று உள்ளே பாயாது, மெதுவாகத்தான் இறங்கும், நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நீ சொன்னபோது, அமிலத்தைப் போய் முகத்தில் பூசுவதா என்று முதலில் பயந்தேன். ஆனாலும் நீ சொன்னபடியே வாரம் ஒரு முறை பூசி, கொஞ்ச நேரத்தில் கழுவி, வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் தடவி வந்தேன். லேசாகச் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். நெற்றியில் இருந்த சிறுசிறு பொரிகள் போய்விட்டன, தோல் வழவழவென்று ஆனது, வலது கன்னத்தில் கருப்பாகப் படர்ந்திருந்த மங்கு நன்றாகவே குறைந்தது, இடது கன்னத்தில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு மிச்சம். எனக்கு அது போதும். எப்படி இருக்குன்னு பாக்கணும், படம் அனுப்பும்மா என்று நீ கேட்டபோதெல்லாம் பவுடர்கூடப் போடாமல் எடுத்து அனுப்பினேன், என் மகள் பார்க்கத்தானே என்று.

போன வாரம் எங்கள் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் தன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நீங்களா, உங்க தங்கச்சியா என்று கேட்டார். வாங்கிப் பார்த்தால் உன் கடை விளம்பரம். ஒரு பக்கம் நான், மங்கோடு, தூங்கி எழுந்த மாதிரி. இன்னொரு பக்கம் மங்கும் இல்லை, சுருக்கமும் இல்லை, என் நிறமும் இல்லை. நம்பி அனுப்பிய முகத்தைக் கடையில் மாட்டியிருக்கிறாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்த அமிலம் ஒழுங்காகச் செய்த வேலை உனக்குப் போதவில்லை, அதற்கு மேல் நீ கம்ப்யூட்டரில் வேறு பூசியிருக்கிறாய். பெற்றவளின் முகமே உனக்குப் போதவில்லை என்றுதான் எனக்குப் பட்டது, அன்று ஒரு ஜாக்கெட் கைகூட ஒழுங்காகத் தைக்க முடியவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சித்தியும் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் என்னை நேரில் பார்த்து வருஷக்கணக்காகிறது, அக்கா முகமே இப்படி ஆகிவிட்டதே என்று உன்னிடம்கூடச் சொல்லாமல் உன் கடையிலேயே வாங்கியிருக்கிறாள். வாரம் ஒரு முறை பூசினால் அந்தப் படம் மாதிரி எப்போது ஆவது என்று தினமும் பூசி, கழுவாமலே படுத்திருக்கிறாள். எவ்வளவு சாதுவான பொருளானாலும் அப்படிப் போட்டால் தோல் தாங்குமா. கன்னம் இரண்டும் வெந்து உரிந்து, இப்போது தோல் டாக்டரிடம் நடக்கிறாள், ஆறிவிடுமாம், கருமை போகத்தான் நாளாகுமாம். போனில் என்னிடம், உன் மூஞ்சிய நம்பித்தானேக்கா போட்டேன், உன்னைக் கேக்காமலா உன் பொண்ணு அந்தப் படத்தப் போட்டிருப்பா என்றாள். கேட்கவில்லை என்று சொன்னால் உன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? நான்தான் போடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். நீ என்னை வைத்துப் பொய் சொன்னாய், நான் உனக்காகப் பொய் சொன்னேன். அதிலிருந்து என் தங்கை என்னோடு பேசுவதில்லை.

இத்துடன் அப்பா ஜன்னலருகில் எடுத்த படம் இருக்கிறது, பொத்தான் அளவு மங்கு நன்றாகவே தெரிகிறது. விளம்பரத்தில் இருக்கும் அந்தப் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடு, வாரம் ஒரு முறைதான், கழுவ வேண்டும் என்று பெரிதாக எழுது. முதலிலேயே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் கடையும் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தோடுதான் ஆசீர்வாதம் செய்கிறேன், ஆனாலும் அது ஆசீர்வாதம்தான். மறக்காமல் சித்தியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல். உன் போனை அவள் எடுப்பாள், என் போனைத்தான் எடுப்பதில்லை.

உன் அம்மா