வாசலிலிருந்து நான்காவது கல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தைப் புகைப்படமாக அல்லாமல் நாலு வரியாகத் தெரிந்துகொள்ள ஆசை.

நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவள் சும்மாதானே இருக்கிறாள் என்று, நகராட்சியில் என்னைக் கல்லறைத் தோட்டத்தின் வரலாறு எழுதச் சொல்லிவிட்டார்கள். ஊர் பயந்து தள்ளி வைத்த இடம், பிறகு ஊரே நகர்ந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. முதல் வரிசை நிலம் கொடுத்தவர்களுக்கு, இரண்டாவது அதிகாரிகளுக்கு, மூன்றாவது நம்மைப் போன்றவர்களுக்கு, மரநிழல் விழுவதென்னவோ மூன்றாவதில்தான். வரிசைக்குப் பன்னிரண்டு பேர், பதிவேட்டில் உன் தாத்தா கிழக்கு வாசலிலிருந்து நான்காவது. ஆறு வருடம் முன்பு சாலைக்காக அந்த வாசலை அடைத்து மேற்கே திறந்தார்களே, அப்போது பெயர்ப்பலகைகளைப் பிடுங்கிவிட்டு ஒரே மாதிரி கல் நட்டு, புது வாசலிலிருந்து எண் போட்டுவிட்டார்கள். உன் அப்பாவும் நான்காம் எண்ணைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். எண்ணிப் பார்க்கிறேன், அவர் ஞாயிறுதோறும் புல் பிடுங்கி, உன் பதவி உயர்வு வரை ஒப்பித்தது தாத்தாவிடம் இல்லை, பதிவேட்டில் ஒன்பதாவதாக இருக்கும் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம்! ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கலாம் என்று தாத்தாவோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர். நம் வீட்டு விஷயம் தெரிந்துகொள்ள உயிரோடு இருந்தபோது எவ்வளவு பாடுபட்டார், பாவம்.

சிரித்துவிட்டேனே தவிர, அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் தயங்கினேன். தாத்தாவின் கடைசி நாளில் வந்து சேர முடியாமல் போனதற்காகத்தானே அவர் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார், நானும் பின்னால் ஓடினேன். ஆறு வருடமாக ஆளில்லாமல் கிடந்திருப்பாரே என்று வழியெல்லாம் புலம்பல். புது வாசலிலிருந்து எண்ணினால் தாத்தாவுடையது ஒன்பதாவது கல், அது கண்ணாடி மாதிரி இருந்தது, பக்கத்தில் பூச்செடி, அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தையல்காரரின் மகள். நம்மோடு பேச்சை நிறுத்தியவள், “என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?” என்றாள். அப்பா விளக்கினார். “அடப்பாவமே, உங்கப்பாகிட்டயா இத்தனை வருஷமா உங்களைத் திட்டித் தீர்த்தேன்?” என்று வாயில் கை வைத்தாள். அப்பா சொன்னார்: “அவரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டாரும்மா.” சொல்லிவிட்டு அழுதார், அவள்தான் தண்ணீர் கொடுத்தாள்.

எண்ணை மாற்ற இரு தரப்பும் நேரில் வர வேண்டும் என்கிறது நகராட்சி. எந்த இரு தரப்பு என்று கேட்டிருக்கிறேன்.

நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கு வரும்போது ஒன்பதாவது கல்லுக்குப் போ, ஆனால் நான்காவதிலும் ஒரு நிமிடம் நில். உன்னைப் பற்றி அவருக்குத்தான் எல்லாம் தெரியும்.

ஆசிகளுடன், முழங்கால் வலியுடன்,
அம்மா