டனிஸ்ரனுக்குத் திறந்த கதவு

மொன்றியல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஜென்சி,

நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வன்கூவர் மழையில் நனையாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கடவுள் கிருபையால் நாங்கள் நலம், அப்பாவின் முதுகைத் தவிர. போனில் சொன்னால் நீ குறுக்கே கதைத்து வென்றுவிடுவாய், அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். புதுக் கம்பனிக்காரர் வேலை உறுதி என்று வாயால் சொல்லிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை இப்போதைய வேலைக்கு விலகல் கடிதம் கொடுக்கப்போகிறேன் என்றாய். கொடுக்காதே.

என் பக்கத்து மேசை டனிஸ்ரனை உனக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் ஒளிவிழாவில் உனக்குக் கேக் கொண்டுவந்து தந்த பிள்ளை. கோடையில் எங்கள் பிரிவில் எல்லோரையும் அவரவர் வேலையைப் படிப்படியாக எழுதித் தரச் சொன்னார்கள், புதிதாக வாங்கிய ஏஐக்குக் கற்பிக்கவாம். அவன் படங்களோடு தொண்ணூறு பக்கம் எழுதினான், மனேஜர் எல்லோர் முன்னும் பாராட்டினார். நான் நேரமில்லை என்று பொய் சொல்லி நாற்பதோடு நிறுத்தினேன். மூன்று கிழமைக்கு முன் ஒரு காலை அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, என்ரை கார்ட் பழுதாப் போச்சு, ஒருக்காத் திறந்து விடுங்கோ, பத்து மணிக்கு மீட்டிங், சம்பளம் கூட்டப் போகினம் போல" என்று சிரித்தான். நானும் திறந்துவிட்டேன். கார்ட் பழுதில்லை, மீட்டிங்கில் வேலையால் நீக்கிய பிறகு நிறுத்தவேண்டிய கார்டை யாரோ அவசரப்பட்டு முதலே நிறுத்திவிட்டார்கள். பத்தேகாலுக்குக் காவலாளி அவனை வெளியே கூட்டிப்போனபோது மேசையில் அவன் தேநீர் ஆறவில்லை. வீட்டில் நான்கு மாதக் குழந்தை. இதுவரை அறுபது இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான், வந்த பதில் இரண்டு, இரண்டும் ஆள் எழுதியதாகத் தெரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "டோர்வல் எயார்போட்டிலை பெட்டி தூக்கிறன் எண்டு தாயும் மோளும் சிரிச்சனீங்கள், பெட்டிக்கு இன்னும் ஆள் வேணும் கண்டியோ" என்றார். பிறகு அவரும் சிரிக்கவில்லை.

இதை உனக்குச் சொல்லாமல் விடவே நினைத்தேன். முந்தநாள் பின்னேரம் என்னிடமும் மிச்சப் பக்கங்களைப் புதன்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்கள். வியாழன் பத்து மணிக்குக் கால் மணி நேர மீட்டிங், என்ன விஷயம் என்று போடவில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், என் ஆசீர்வாதம் என்றும் உன்னோடு. ஒப்பந்தம் எழுத்தில் கைக்கு வரும்வரை விலகல் கடிதத்தை அனுப்பாதே, ஒரே கிழமையில் இந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் வேலையில்லாமல் நிற்கவேண்டாம். வியாழன் காலை நீ எனக்குப் போன் எடுக்காதே. என் கார்டுக்குக் கதவு திறந்ததா என்று நானே போன் எடுத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா